பெருமடுவுக்குப் போன கடமான் குடும்பம்

கோடை வந்தால் சருகும் முள்ளும் மட்டுமே மிஞ்சும் ஒரு காட்டில், கடமான் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. அப்பா மானின் பெயர் நெடுங்கோடன். அம்மா மான் மருதி. மூத்த மகள் தாழை. இளையவன் குருந்தன், இன்னும் பால்குடி மறக்காத குட்டி.

நெடுங்கோடன் எதையும் பலமுறை யோசித்துத்தான் செய்வான். தாழைக்கு எதிலும் அவசரம். குருந்தன் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. மருதிக்கோ ஓர் ஆசை இருந்தது. குழந்தைகளே, அந்த ஆசையால் வந்ததுதான் இந்தக் கதை.

அந்தக் காட்டுக்குக் கிழக்கே, மலைகளைத் தாண்டி, பெருமடு என்றொரு பெரிய வனம் இருந்தது. மனிதர்கள் அதற்குத் தேசியப் பூங்கா என்று பெயர்ப்பலகை வைத்து, வண்டி வண்டியாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். விலங்குகளும் அங்கே போகும். வற்றாத ஏரி, கரையெல்லாம் பசும்புல், நக்க நக்கத் தீராத உப்புமண், துப்பாக்கிச் சத்தமே கேட்காத நிம்மதி. கோடை தொடங்கியதும் யானை முதல் முயல் வரை குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடும். போய் வந்தவை அடுத்த கோடை வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருக்கும்.

மருதியின் தங்கை வாகை பெருமடுவில்தான் இருந்தாள். கல்யாணமாகிப் போனவள், அதன்பிறகு திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் மருதி, "இந்த வருஷமாவது போகலாமா?" என்று கேட்பாள். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு தடை வந்துவிடும். ஒரு வருஷம் காட்டுத்தீ. ஒரு வருஷம் தாழைக்குக் காய்ச்சல். போன வருஷம் மருதியின் வயிற்றில் பிள்ளை.

இந்த வருஷம் நெடுங்கோடனே பேச்சை எடுத்தான்.

"குருந்தனும் நடக்கத் தொடங்கிவிட்டான். எல்லோரும் பெருமடுவுக்குப் போய் வரலாம்," என்றான்.

தாழை துள்ளிக் குதித்தாள். மருதிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"நிஜமாகத்தான் சொல்கிறீர்களா?"

"நிஜமாகத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப முடியாது. முதலில் நான் மட்டும் போய் வழியைப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே ஆபத்து என்று தெரிய வேண்டும். நான் வரும்வரை பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்."

மறுநாள் காலை அவன் புறப்பட்டுப் போனான்.

அவன் போன பிறகு மருதிக்கு வேறு நினைப்பே இல்லை. வாகையைப் பார்த்ததும் என்ன பேசுவது, எதை முதலில் சொல்வது என்று புல் மேயும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தாள். குட்டையில் தண்ணீர் குடிக்கப் போனபோதும் அப்படித்தான். குருந்தன் கரையில் விளையாடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஈரச் சேறு வழுக்கியது. குருந்தன் சறுக்கி விழுந்து, அடியில் கிடந்த கல்லில் மோதினான்.

மருதி ஓடிப்போய்ப் பார்த்தாள். பின்னங்கால் மூட்டு சற்று நேரத்தில் வீங்கிவிட்டது. எழுந்து நின்றான், நடந்தான். ஆனால் நொண்டி நொண்டி நடந்தான்.

மருதி அவன் காலை நக்கிக் கொடுத்தாள். நக்கும்போதே அவள் மனம் வேறு எங்கோ ஓடியது. இவர் வந்து இதைப் பார்த்தால் பயணத்தை நிறுத்திவிடுவார். இந்தக் கோடையும் போய்விடும். அடுத்த கோடைக்கு யாருக்கு என்ன வருமோ.

"ரொம்ப வலிக்கிறதா, குருந்தா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வலிக்கிறது, அம்மா."

"கொஞ்சம்தானே. அப்பா வந்ததும் இதைச் சொல்லாதே. அவர் எதிரில் காலை நேராக ஊன்றி நட. நீ நொண்டினால் நாம் சித்தி வீட்டுக்குப் போக முடியாது."

குருந்தன் தலையை ஆட்டினான். அன்று சாயங்காலமே அவன் காலை நேராக ஊன்றி நடந்து பார்த்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் காது மட்டும் துடித்தது. மருதி அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து, குட்டைக்கு ஒரு நரி தண்ணீர் குடிக்க வந்தது.

அந்த நரியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே இல்லை. பெருமடுவுக்குப் போகும் பாதையில், ஒரு பெரிய ஆலமரத்தடியில் அது எப்போதும் நின்றுகொண்டிருக்கும். போகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லும். எங்கே முள் இருக்கிறது, எந்த ஊற்றில் நீர் நல்லது என்று சொல்லும். பதிலுக்கு எதையும் கேட்காது. அதைப் போல நல்லவரை எங்கே பார்க்க முடியும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நரி மருதியைக் கண்டதும் தலை தாழ்த்தியது.

"வணக்கம், அக்கா. இந்த வருஷம் பெருமடுவுக்குப் போகிறீர்களாமே. கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

"ஆமாம், தம்பி. அவர் வழி பார்க்கப் போயிருக்கிறார்."

"நல்லது. அப்படித்தான் பார்த்துச் செய்ய வேண்டும். வீட்டில் யார் யார் வருகிறீர்கள்?"

மருதி சொன்னாள். நரி தாழையைப் பார்த்து, "நல்ல வேகக்காரி போலிருக்கிறதே," என்றது. பிறகு குருந்தனைப் பார்த்தது. அவன் மரத்தடியில் படுத்திருந்தான். நரி அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசத் தொடங்கியது.

"என் வீட்டிலும் ஒரு குட்டி இருக்கிறது, அக்கா. பிறவியிலேயே கால் கொஞ்சம் சரியில்லை. என் பெண்டாட்டி அதைச் சொல்லியே எங்கேயும் கிளம்பவிட மாட்டாள். போன கோடையில் அவளுக்குத் தெரியாமல் நான்தான் அதைப் பெருமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஏரியைப் பார்த்ததும் அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது."

யாரிடமும் சொல்ல முடியாமல் மருதியின் நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"தம்பி, யாரிடமும் சொல்லிவிடாதே. குருந்தனுக்குக் கால் மூட்டில் அடி. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் போக வேண்டாம் என்பார்."

நரி அருகில் வந்து உட்கார்ந்தது.

"எந்தக் கால், அக்கா?"

"இடது பின்னங்கால்."

"ஓட முடியுமா?"

"ஓட முடியாது. மெல்ல நடப்பான்."

நரி வருத்தத்தோடு தலையை அசைத்தது. "ஐயோ பாவம். நீங்கள் கவலைப்படாதீர்கள். இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் கஷ்டம். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதல்லவா, நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் காட்டாற்றைப் பாறை வழியாகக் கடக்கத்தான் சொல்வார். குட்டியின் காலுக்குப் பாறை ஆகாது. அங்கிருந்து கொஞ்சம் கீழே தள்ளி மணல்வழி ஒன்று இருக்கிறது. பஞ்சுமாதிரி இருக்கும். பாறை வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் சற்றுப் பின்தங்கி, புதருக்குள் திரும்பிவிடுங்கள். நான் அங்கே நிற்பேன். அவர்கள் பாறையில் ஏறி இறங்குவதற்குள் நீங்கள் மறுகரையில் போய் நிற்கலாம். அவருக்கு எதுவும் தெரியவேண்டாம்."

"செந்நாய்கள் அங்கே வராதல்லவா?"

"அவை மலைக்கு அந்தப் பக்கம் போய் எத்தனையோ நாளாயிற்று. நான் தினமும் அந்த வழியில்தானே நடக்கிறேன்."

மருதிக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. "நீ என் கூடப்பிறந்த தம்பி மாதிரி," என்றாள்.

நரி தண்ணீர் குடிக்க மறந்தே போய்விட்டது. வந்த வழியே போயிற்று.

நெடுங்கோடன் திரும்பி வந்தபோது மெலிந்திருந்தான். உடம்பெல்லாம் முள் கீறியிருந்தது. ஆனாலும் முகத்தில் களை இருந்தது. எல்லோரையும் மருதமரத்தடியில் உட்கார வைத்துப் பேசினான்.

"வழி நன்றாகவே இருக்கிறது. விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஆலமரத்தை அடையலாம். அங்கே தங்கி, அடுத்த நாள் காலையில் காட்டாற்றைக் கடக்கலாம். நான் முன்னால் போவேன். என் பின்னால் தாழை. நடுவில் குருந்தன். கடைசியில் மருதி. யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது."

"ஆற்றை எங்கே கடப்பது, அப்பா?" என்று தாழை கேட்டாள்.

"பாறை வழியாக. கால் நோகத்தான் செய்யும். கீழே மணல்வழியும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறைகளுக்கு நடுவில் ஆழமான நீர் கிடக்கிறது. செந்நாய் வந்தால் நம்மால் ஓடித் தப்ப முடியாது. ஆழமான தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டால் நமக்குக் கால் தரையில் எட்டும், அவற்றுக்கு எட்டாது. அப்போது என் கொம்புக்கு வேலை இருக்கும். அதற்காகத்தான் இந்த வழி."

மருதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுங்கோடன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். "இப்போது கேட்கிறேன். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். ஒன்றும் அவசரமில்லை. இந்தக் குட்டையில் கோடைமழை வரை தண்ணீர் இருக்கும். மழை விழுந்த பிறகுகூடப் போகலாம். பெருமடு எங்கும் ஓடிப் போய்விடாது."

தாழை, "எனக்கு ஒன்றுமில்லை," என்றாள்.

"குருந்தன் எப்படி இருக்கிறான், மருதி?"

குருந்தன் அம்மாவைப் பார்த்தான்.

"நன்றாகத்தான் இருக்கிறான்," என்றாள் மருதி.

"நடந்து காட்டு, குருந்தா."

குருந்தன் எழுந்தான். மருதமரத்திலிருந்து புதர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். காலை நேராக ஊன்றித்தான் நடந்தான். ஒரு முறைகூட நொண்டவில்லை. நெடுங்கோடனுக்குத் திருப்தி. அவன் மகனின் நெற்றியை முகர்ந்தான்.

இரண்டு நாள் கழித்து, கிழக்கு வெளுக்கும்போது அவர்கள் கிளம்பினார்கள்.

முதல் நாள் பயணம் நல்லபடியாகவே போயிற்று. தாழை அப்பாவை முந்தப் பார்ப்பாள். அவன் அதட்டிப் பின்னால் அனுப்புவான். குருந்தன் பேசாமல் நடந்தான். அப்பாவின் முகம் முன்பக்கம் இருந்தபோது மட்டும் கொஞ்சம் நொண்டிக்கொண்டான். கடைசியில் வந்த மருதிக்கு அது தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஆலமரத்துக்குச் சற்று முன்னால், எதிரே ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் வந்தது. பெருமடுவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. முன்னால் கிழப்பன்றி, நடுவில் குட்டிகள், கடைசியில் தாய்ப்பன்றி.

மருதி நின்று தாய்ப்பன்றியிடம் கேட்டாள். "பெருமடு எப்படி இருந்தது, அம்மா?"

"தண்ணீர் நிறைய இருக்கிறது," என்றது பன்றி. அதன் குரலில் உயிரே இல்லை.

அது குருந்தனின் காலைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

"நீ அந்த நரியிடம் பேசினாயா?" என்று மெல்லக் கேட்டது.

"பேசினேன். ரொம்ப நல்லவர்."

பன்றி வாயைத் திறந்தது. அதற்குள் முன்னால் போன அதன் புருஷன் திரும்பிப் பார்த்து, "அங்கே என்ன பேச்சு?" என்றது. தாய்ப்பன்றி வாயை மூடிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

களைத்துப் போயிருக்கிறது போலும் என்று மருதி நினைத்துக்கொண்டாள்.

ஆலமரத்தடியில் நரியைக் காணவில்லை. "எங்கே அந்த வழிகாட்டி?" என்றான் நெடுங்கோடன். மருதி குருந்தனை நிழலில் படுக்க வைத்தாள். அன்று அங்கேயே தங்கினார்கள்.

மறுநாள் காலையில் காட்டாறு வந்தது. ஆறு என்று பெயரே தவிர, வெள்ளை வெளேரென்று மணலும் கல்லும்தான். பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த இடத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. நெடுங்கோடன் முதல் பாறையில் ஏறினான். தாழைக்கு எங்கே குளம்பு வைக்க வேண்டும் என்று காட்டினான். அவள் அவசரப்பட்டு வழுக்கினாள். அவன் முழுக்கவனமும் அவள் மேல் போயிற்று.

மருதி குருந்தனின் காதில், "வா," என்றாள்.

"அப்பா வரிசையை விட்டுப் போகக் கூடாது என்றாரே, அம்மா."

"உன் காலுக்காகத்தான். அப்பாவுக்கு முன்னால் போய் நிற்போம். வா."

இருவரும் புதருக்குள் திரும்பினார்கள்.

நரி சொன்னபடியே அங்கே நின்றுகொண்டிருந்தது. "வந்துவிட்டீர்களா, அக்கா? இப்படி வாருங்கள்," என்று முன்னால் ஓடியது. புதர் முடிந்ததும் அகலமான மணல் வந்தது. உண்மையிலேயே பஞ்சுமாதிரிதான் இருந்தது.

"இங்கே வலிக்கவே இல்லை, அம்மா," என்றான் குருந்தன். அத்தனை நாளில் அன்றுதான் அவன் முகம் மலர்ந்தது.

மணலின் நடுவுக்கு வந்ததும் நரி நின்றது. திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"ஏன் நின்றுவிட்டாய், தம்பி?"

"என் வேலை இவ்வளவுதான், அக்கா," என்றது நரி. அதன் குரல் அப்போதும் மரியாதையாகவே இருந்தது.

எங்கோ சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மறுபக்கமிருந்து இன்னொரு சீழ்க்கை. மணலின் இரண்டு கரையிலும் புதர்கள் அசைந்தன. செந்நாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. எல்லாம் குருந்தனின் இடது பக்கமாகவே வந்தன.

மருதிக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தக் கால் என்று நரி ஏன் கேட்டது என்று புரிந்தது. தாய்ப்பன்றி எதைச் சொல்ல வாயைத் திறந்தது என்றும் புரிந்தது. அதுவும் தன் புருஷனிடம் ஒன்றும் சொல்லியிருக்காது.

"தண்ணீருக்கு ஓடு, குருந்தா. அப்பாவிடம் ஓடு," என்று மருதி கத்தினாள்.

தண்ணீர் தூரத்தில் இருந்தது. பஞ்சுபோன்ற மணலில் கால் புதைந்தது. குருந்தன் ஓடினான். ஓடும்போதும் காலை நேராக ஊன்றப் பார்த்தான். "நான் நொண்டவில்லை, அம்மா," என்றான்.

மருதி ஒரு செந்நாயை எட்டி உதைத்தாள். அது உருண்டு விழுந்தது. இன்னொன்றை மிதித்தாள். அவை அவளோடு சண்டைக்கு வரவில்லை. அவளுக்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் வந்து நின்றன. அவள் ஒரு பக்கம் பாய்ந்தால் மறுபக்கம் விட்டுக்கொடுத்தன. அப்படிப் பாய்ந்து பாய்ந்து, அவளுக்கே தெரியாமல் அவள் குட்டியைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டாள்.

அவள் புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நெடுங்கோடன் பாறைகளைத் தாண்டிக் குதித்து வந்தான். கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்த வேகத்தில் செந்நாய்கள் சிதறின. ஆனால் அவன் வந்து சேர்ந்தபோது மணலில் அவனுக்குக் காப்பாற்ற எதுவும் மிச்சம் இல்லை.

குழந்தைகளே, அங்கே அவர்கள் கண்டதைச் சொல்ல வேண்டியதில்லை.

செந்நாய்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் நரி காத்திருந்தது. தின்றது போக எலும்பில் ஒட்டியிருப்பது அதற்கு. அதுதான் அவற்றுக்குள் இருந்த பேச்சு. மறுநாள் அது மறுபடியும் ஆலமரத்தடியில் போய் நின்றுகொண்டது. வழியில் வந்த முயல் குடும்பத்திடம், யாருக்காவது நடக்கச் சிரமமா என்று அன்போடு விசாரித்தது.

கடமான்களால் திரும்பிப் போக முடியவில்லை. வந்த வழியில்தான் செந்நாய்கள் இருந்தன. முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. நெடுங்கோடன் முன்னால் நடந்தான். அவன் பின்னால் தாழை. கடைசியில் மருதி. நடுவில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. யாரும் அதை நிரப்பி நெருங்கி நடக்கவில்லை.

வெகுநேரம் கழித்து நெடுங்கோடன் திரும்பாமலே கேட்டான்.

"வரிசையை விட்டு ஏன் போனாய்?"

மருதி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அவனும் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் பெருமடு வந்தது.

சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஏரி கண்ணுக்கு எட்டியவரை விரிந்து கிடந்தது. கரையில் புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. யானைகள் ஒன்றன்மேல் ஒன்று நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. புள்ளிமான் குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. மருதி அத்தனை வருஷமாக மனசுக்குள் பார்த்த ஏரியைவிட இது அழகாகவே இருந்தது.

மண்பாதையில் மனிதர்களின் வண்டி ஒன்று மெல்ல வந்து நின்றது. அதில் ஒரு குடும்பம் இருந்தது. அம்மா ஒருத்தி தன் மடியில் இருந்த பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்டினாள்.

"அதோ பார். அப்பா மான், அம்மா மான், பிள்ளை மான். நம்மைப் போலவே குடும்பத்தோடு வந்திருக்கின்றன, பார்."

பிள்ளை கைதட்டிச் சிரித்தது. வண்டி நகர்ந்து போயிற்று.

வாகை தூரத்திலேயே அக்காவை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். கழுத்தோடு கழுத்து உரசினாள். எல்லோரையும் பார்த்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சின்னவன் எங்கே, அக்கா?"

அதற்குமேல் மருதியால் அடக்க முடியவில்லை. குட்டைக் கரையில் அவன் விழுந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். நொண்டாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் சொன்னாள். நரியிடம் சொன்னதையும் சொன்னாள். வாகையிடம்தான் சொன்னாள், ஆனால் நெடுங்கோடன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கொம்பை ஓங்கியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அசையாமல் நின்றான்.

"மழைவரைக்கும் காத்திருந்திருக்கலாம்," என்றான். "காலுக்கு முடியாவிட்டால் நான் அவனைப் பாறைவழியில் என் தோளோடு அணைத்துக் கூட்டிப்போயிருப்பேன். அவனுக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று ஊரில் இருக்கும் நரிக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை."

அவ்வளவுதான் சொன்னான். தனியாகப் போய் ஏரியில் இறங்கி நின்றான். தண்ணீர் அவன் மார்பு வரை வந்தது. அவன் குடிக்கவில்லை.

வாகை அக்காவின் முதுகை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கியது. விளையாடிக்கொண்டிருந்த புள்ளிமான் குட்டிகளை அவற்றின் தாய்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டன.

தாழை மெல்ல வந்து மருதியின் பக்கத்தில் நின்றாள். எப்போதும் ஓரிடத்தில் நிற்காதவள், வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"அம்மா," என்றாள். "பாறையில் வழுக்கினேன் இல்லையா, அப்போது குளம்புக்குள் ஏதோ குத்திவிட்டது. நடக்க முடியவில்லை. நீ அழுதுகொண்டே வந்ததால் சொல்லவில்லை."

மருதி குனிந்து அவள் காலைப் பார்த்தாள். குளம்பின் பிளவில் கல் ஒன்று செருகி, ரத்தம் காய்ந்திருந்தது.

"நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா," என்றாள் தாழை, ஏதோ நல்லது செய்துவிட்டவள் போல.

மருதி தலையைத் தூக்கினாள். ஏரிக்குள் முதுகைக் காட்டி நின்றவனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் கரை முழுக்கக் கேட்கும்படி அவனைக் கூப்பிட்டாள்.

"இங்கே வாருங்கள். தாழைக்குக் காலில் அடிபட்டிருக்கிறது. வலது முன்னங்கால். வந்து பாருங்கள்."

அவன் சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையை நோக்கி நடந்து வந்தான்.

நீதி: வீட்டாரிடம் மறைத்து அயலாரிடம் சொன்ன குறை, பகைவன் கையில் ஆயுதமாகும்.